இசைத்தட்டு வைத்தியம்

மூர் மார்க்கெட்டில் பழைய எல்.பி. ஒன்று வாங்கிய மறுநாளே மனிதர் வைத்தியராகிவிடுகிறார். தட்டு வளைந்திருக்கிறதா? இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து மொட்டைமாடி வெயிலில் காட்டு. வினைல் சூட்டில் இளகும் என்பது சரிதான். எந்த வடிவத்துக்கு இளகும் என்பது சூரிய பகவான் சித்தம். ஊசி ஒரே வரியில் சுற்றுகிறதா? பிக்கப் தலையில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டு. 2 கிராம் அழுத்தத்துக்கென்று செய்த ஊசிமேல் கூடுதலாக ஏறத்தாழ 4 கிராம்! பாட்டு தாவாது, வரிப்பள்ளத்தை ஏர்போல உழுதுகொண்டு போகும்.

தச்சர் பசையைத் தட்டு முழுக்கப் பூசி, காய்ந்தபின் ஏடு உரிப்பது அடுத்த சிகிச்சை. வேடிக்கை என்னவென்றால், தடிமனாகப் பூசினால் இது நிஜமாகவே தூசியை எடுத்துவிடும். பசையில் சிக்கனம் பிடித்தவர் மட்டும் நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பார்.

தைரியம் கூடிப்போனவர், 78 சுழற்சித் தட்டையும் ஸ்பிரிட் விட்டுத் துடைப்பார். அது வினைல் அல்ல, அரக்கு; ஸ்பிரிட்டில் கரையும். அழுக்கோடு பாகவதரும் போய்ச் சேர்வார்.

தப்பித்தவறி ஒரு தட்டு குணமாகிவிட்டாலோ, "அந்தக் கரகரப்பு இல்லாமல் பழைய பாட்டு கேட்ட மாதிரியே இல்லை சார்" என்று குறைப்படுவதும் இவரேதான்.