என் பேரைப் போடுதியாலே, பேராண்டி?

ஏலே பேராண்டி, நல்ல யோசனைதான் பண்ணியிருக்க. லண்டன்ல 30 மைல்ல போகவேண்டிய தெருவுல நீ 36ல போயிருக்க. கேமரா பிடிச்சுட்டு. வண்டியை ஓட்டினது யாருன்னு 28 நாளுக்குள்ள எழுதி அனுப்பச் சொல்லி போலீஸ்காரன் கடுதாசியும் போட்டுட்டான். அந்த மாசம் நான் ஒன் வீட்டுல வந்து தங்கியிருந்தேன்லா? "ஒங்க பேரைப் போட்டுக்கிடட்டுமா தாத்தா, நீங்கதான் ஊருக்குத் திரும்பிட்டீங்களே, ஒங்களை எவன் கேக்கப் போறான்?"ங்க. கண்ணுல புரை எடுத்த கிழவன் லண்டன் தெருவுல பறப்பான்னு நம்புத பாரு, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

போடு, தாராளமாப் போடு. ஆனா எங்கிட்ட லைசென்ஸே கிடையாது. ஆயுசுல நான் ஓட்டினது சைக்கிளும் மாட்டு வண்டியுந்தான். இன்சூரன்ஸ் இல்லாத ஆளு கையில வண்டியைக் கொடுத்தா, கொடுத்தவன் லைசென்ஸ்ல அந்த ஊர்ச் சட்டப்படி குறைஞ்சது 6 தண்டனைப் புள்ளி. வேகமாப் போனதுக்கோ 3 புள்ளியும் 100 பவுண்டும். மூணுக்குப் பயந்து ஆறை வாங்குத. ஒங்கப்பன் கடன்பட்டு ஒன்னை இன்ஜினீயருக்குப் படிக்க வச்சது வீண்போகல.

சரி, வெளிநாட்டுக்காரன் பேரைப் போட்டா எவனும் தேடமாட்டான்ங்கியா? அந்த நாட்டுல எம்பி ஒருத்தி இருந்தா, பியோனா ஒனசன்யான்னு, அவளுக்கும் இதே நெனப்புதான். படிச்ச வக்கீலு வேற. 2017ல பீட்டர்பரோவுல ஜெயிச்ச அடுத்த மாசமே, தோர்னிங்கிற ஊர்ல 30க்கு 41ல போய் மாட்டிக்கிட்டா. ஓட்டினவர்னு காயிதத்துல போனது பழைய குடித்தனக்காரர் ஒருத்தர் பேரு. போலீஸ் விசாரிச்சா, அந்த மனுஷன் அன்னைக்கு ரஷ்யாவுல தாய் தகப்பன் வீட்டுல இருக்காரு. அவளுக்கு 3 மாசம் ஜெயிலு, பாசத்துல கூட நின்ன தம்பிக்கு 10 மாசம். தொகுதி சனம் கையெழுத்துப் போட்டே பதவியைப் பிடுங்கிட்டு. பிரிட்டன்ல அப்பிடிப் பதவி போன முதல் எம்பி அவதான்.

உயிரோட இருக்கவன் வம்பு, செத்தவங்க வந்து மறுத்துப் பேசமாட்டாகன்னு ஆஸ்திரேலியாவுல ஒரு ஜட்ஜு நெனச்சாரு. மார்கஸ் ஐன்ஃபெல்டுன்னு பேரு, ஃபெடரல் கோர்ட்டுல இருந்து ஓய்வுபெற்றவரு. மனித உரிமைக் கமிஷனுக்கே தலைவரா இருந்த பெரிய மனுஷன். 2006ல சிட்னியில 50 கிலோமீட்டருக்கு 60ல போனாரு. அபராதம் வெறும் 77 டாலர். அன்னைக்கு வண்டியை அமெரிக்காவுலேருந்து வந்த ஒரு பேராசிரியைக்கு இரவல் கொடுத்தேன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணாரு. கோர்ட்டும் நம்பி வழக்கைத் தள்ளிட்டு. அப்புறம் ஒரு பத்திரிகை தேடிப் பாத்தா, அந்தம்மா 2003லயே போய்ச் சேந்துட்டாக! ஒடனே ஜட்ஜு, அது வேற அம்மா, ஏறக்குறைய அதே பேருன்னாரு. 2009ல மூணு வருஷம் ஜெயில் தீட்டிட்டாக. அதனால செத்தவங்க பேரைப் போடுததா இருந்தா, செத்த தேதியைக் கேட்டுக்கிட்டுப் போடு.

இனி மிச்சம் ஒன் பொண்டாட்டிதான். அவ நல்ல பிள்ளை, சொன்னா கையெழுத்துப் போட்டுருவா. ஒண்ணே ஒண்ணு, அதுக்கப்புறம் சாகுத மட்டும் அவகிட்ட நீ மூஞ்சி காட்டக் கூடாது. வேற ஒருத்தியை ஏறெடுத்துப் பாக்கக் கூடாது. பெரிய நிபந்தனையான்னு கேக்காத, பிரிட்டன் அரசியல்வாதி கிறிஸ் ஹூன் அதுலதான் கவுந்தாரு.

2003 மார்ச்ல ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்துலேருந்து எம்11 ரோட்டுல வேகமா வந்தாரு. இன்னும் 3 புள்ளி விழுந்தா லைசென்ஸ் போயிரும். ஓட்டினது பொண்டாட்டி விக்கி பிரைஸ்னு காயிதம் போச்சு. அந்தம்மாவோ அன்னைக்கு ராத்திரி லண்டன்ல விருந்துல உக்காந்திருந்தாக. பெரிய பொருளாதார நிபுணி, அரசாங்கத்துலயே உசந்த உத்தியோகம். அம்புட்டும் பண்ணி என்ன லாபம்? அதே வருஷம் போன் பேசிக்கிட்டே வண்டி ஓட்டி, எப்பிடியும் அவரு லைசென்ஸ் போயிட்டு. அத்தோட அந்தப் பொய் விவகாரம் தூங்கியிருக்கும். 2010ல அவரு மந்திரி. அந்த வருஷம் உலகக் கோப்பை பந்தாட்டத்தோட இடைவேளையில வந்து, வேற பொம்பளை விஷயம் பத்திரிகையில வரப்போகுதுன்னு பொண்டாட்டிகிட்ட சொன்னாராம். 26 வருஷக் குடித்தனம் முடிஞ்சுது. 2011ல அந்தம்மா பழைய மூணு புள்ளியைக் கொண்டுபோய்ப் பத்திரிகைக்காரங்க கையில வச்சாக.

அவரை மாட்டிவிடணும்னுதான் போனாக, தன் கழுத்தும் அதே கயித்துலதான் இருக்குன்னு யோசிக்கல. கோர்ட்டுல என்ன சொன்னாக தெரியுமா? புருஷன் கட்டாயப்படுத்துனாரு, நான் என்ன செய்வேன்னாக! 1925லேருந்து பொண்டாட்டிமாருக்கு மட்டும் சட்டத்துல அப்பிடி ஒரு சந்து இருந்துது. முதல் ஜூரி முடிவு சொல்லத் தெரியாம நீதிபதிக்குப் பத்துக் கேள்வி எழுதி அனுப்பிச்சு, அவரு கலைச்சுவிட்டாரு. ரெண்டாவது ஜூரி நம்பவே இல்ல. 2013 மார்ச்ல புருஷனுக்கும் 8 மாசம், பொண்டாட்டிக்கும் 8 மாசம். பிரிஞ்சவுகளுக்கு அப்பிடி ஒரு ஒத்துமை. அவுக பக்கத்து வீட்டுல இருந்த ஒரு வக்கீலம்மா, பகுதிநேர ஜட்ஜு, இந்த விவகாரத்துல பொய் சொல்லி 2014ல 16 மாசம் வாங்குனாக. சட்டத்துல இருந்த அந்தச் சந்தும் அதே வருஷம் அடைபட்டுப் போச்சு. ஒன் பொண்டாட்டிக்கு அந்த வழியும் கிடையாது.

நிபுணி உள்ள இருந்துட்டு வந்து, ஜெயிலோட பொருளாதாரத்தைப் பத்திப் புஸ்தகம் போட்டாக. ஒனக்கு லீவு லெட்டரே எழுத வராது.

நாந்தான் ஓட்டினேன்னு எழுதிப் போட்டா என்ன ஆகும்னு நீ இன்னும் கேக்கல பாத்தியா? 36 பெரிய வேகமில்ல. மூணு வருஷத்துக்குள்ள போகாதவனா இருந்தா பெரும்பாலும் ஒரு வகுப்புக்குக் கூப்பிடுவாக. பணத்தைக் கட்டிட்டுச் சில மணி நேரம் உக்காந்து கேக்கணும். புள்ளியே கிடையாது. பள்ளிக்கூடத்துல பன்னிரண்டு வருஷம் ஒண்ணும் காதுல ஏறாம உக்காந்தவன்தான நீ, இதுக்கு என்ன சங்கடம்?

வச்சிரட்டா? இரு, இன்னொண்ணு. புருஷன் வாயாலயே ஒத்துக்கிட வைக்கணும்னு, அந்த பிரைஸம்மா அவரு போன்ல பேசுனதையெல்லாம் அவருக்குத் தெரியாமப் பதிவு பண்ணாக. நீ போன பொங்கலுக்கு வந்தப்ப என் போன்ல எதையோ அமுக்கிட்டு, "இனி பேசுததெல்லாம் தானாப் பதிவாகும் தாத்தா"ன்னியே, அதை எப்பிடிலே அணைக்கது?