ஷேர் பண்ணியாச்சு!

அட்மின்: டீச்சர், மூணாவது மாடிப் பூனையை நேத்து சாயங்காலத்திலிருந்து காணோமே, கவலையே வேண்டாம். நம்ம குரூப்ல போட்டாச்சு. டொரண்டோவுல இருக்கிற மச்சான்கூட ஷேர் பண்ணிட்டான்.

டீச்சர்: டொரண்டோ பக்கம் வந்தா அவர் பிடிச்சுக் கொடுப்பார், சந்தோஷம். 2018-ல வந்த ஒரு ஆய்வுல, காணாமப் போன 1,210 பூனைகளைப் பத்தி வளர்த்தவங்ககிட்டயே கேட்டாங்க. கிடைச்சதுல முக்கால்வாசி, தப்பிச்ச இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளதான் இருந்திருக்கு. இறங்கி நடந்து தேடினவங்களுக்குத்தான் அது உயிரோட கிடைக்கிற வாய்ப்பும் கூடுதல். 500 மீட்டர்னா நம்ம பைக் ஷெட், பக்கத்து காலி மனை, தெருமுனை டீக்கடை. குனிஞ்சு பார்க்க ஆள் வேணும் தம்பி. முந்நூறு பேர் குரூப்ல இருக்கோம், குனிய ஒருத்தர் இல்லை.

அட்மின்: பக்கத்துல இருந்தா கத்தாதா? கூட்டமா நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம், வீடியோவும் ஷேர் பண்ணியாச்சு.

டீச்சர்: மிரண்ட பூனை மூச்சுகூட விடாது. கத்தினா நாய்க்குத் துப்புக் கொடுத்த மாதிரி ஆயிடும். நீங்க கூட்டம் போட்டா இன்னும் உள்ளே ஒடுங்கும். ராத்திரி ஊர் அடங்கினப்புறம், வளர்த்தவங்க மட்டும் மெதுவா பேசிக்கிட்டே, கார்களுக்கு அடியில டார்ச் அடிக்கணும். விழித்திரைக்குப் பின்னால வெளிச்சத்தைத் திருப்புற படலம் இருக்கிறதால கண்ணு ரெண்டும் பளிச்சுனு காட்டிக் கொடுத்துடும்.

அட்மின்: எதுக்கு டீச்சர் இவ்வளவு? பூனைக்குத் தானா வழி தெரியுமாமே, அதையும் ஷேர் பண்ணியிருக்காங்க.

டீச்சர்: அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. ஹெரிக்னு ஒரு அமெரிக்க விலங்கியலாளர், குட்டி போட்ட பூனையைச் சில மைல் தள்ளிக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தார். அது குட்டிகளைத் தேடித் திரும்பி வந்ததை 1922-ல எழுதினார். ஆனா தெருவையே ஜன்னல் கம்பி வழியா மட்டும் பார்த்து வளர்ந்த பூனைக்கு எந்த வழி தெரியும்? இந்த நம்பிக்கையைச் சொல்லித்தானே ஊர்ல பாதிப் பேர், வேண்டாத பூனையைக் கோணியில கட்டி மீன் மார்க்கெட்ல கொட்டிட்டு வராங்க! வழி தெரியும்னு நிஜமா நம்பினா, கோணி வாயை எதுக்கய்யா கட்டுனீங்க?

அட்மின்: கோபப்படாதீங்க. இனிமே எல்லாப் பூனைக்கும் சிப் வெச்சுட்டா, இருக்கிற இடம் போன்லயே தெரிஞ்சிடும்.

டீச்சர்: தெரியாது. அந்தச் சிப் அரிசி மணி அளவுதான், அதுல பேட்டரியே கிடையாது. யாராவது பூனையைப் பிடிச்சு ஸ்கேனர் வெச்சாத்தான் 15 இலக்க எண்ணைச் சொல்லும். இங்கிலாந்துல 2024 ஜூன்ல இருந்து வீட்டுப் பூனைக்குக் கட்டாயம், நல்ல ஏற்பாடுதான். ஆனா அங்கேயும் யாரோ ஒருத்தர் குனிஞ்சுதானே பிடிக்கணும்? சரி, வாங்க. ஷெட்லயே தொடங்குவோம். அந்த ஜெனரேட்டர் ரூம் சாவி யார்கிட்ட?

அட்மின்: என்கிட்டதான். பூனை கீனை உள்ளே புகுந்துடக் கூடாதுன்னு நேத்து சாயங்காலமே பூட்டிட்டேன்.