டூர் மாஸ்டரின் முதுகு

சீகிரியாக் குன்றில் இருக்கும் சித்திரப் பெண்களுக்கு டூர் மாஸ்டரின் முதுகை நன்றாகத் தெரியும். முகத்தைத்தான் தெரியாது.

டிசம்பர் லீவு வந்தால் பஸ் நிறையச் சனத்தை ஏற்றிக்கொண்டு போய், பொடிசுகளைச் சுருள் படியில் ஏற்றி, மூச்சு வாங்க வாங்க அந்தப் பெண்களின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறவர் அவர்தான். நிறுத்திய கையோடு ஓவியத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். "எல்லாரும் இங்க பாரு! என்னையப் பாரு!" பிள்ளைகள் பாவம், சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆயிரத்து ஐந்நூறு வருஷத்து ஓவியத்தை விட்டுவிட்டு மாஸ்டரின் மூக்குக்கண்ணாடியைப் பார்ப்பார்கள்.

யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனாலும் இவர் இருப்பார். பெரும்பாலும் ஓய்வு பெற்ற வாத்தியார். சில டிவிஷன்களில் பழைய கணக்கப்பிள்ளை. தொப்பி, விசில், கறுப்புக் குடை, ஒரு சீ.ஆர். கொப்பி. பத்தாம் திகதி சம்பளம் போட்டால் அன்று பின்னேரம் லயத்து வாசலில் கொப்பியோடு நிற்பார். "பெரியாளுக்கு முழுச் சீட்டு, மடியில உக்காந்தா அரைச் சீட்டு." ஜனவரியிலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய காசு டிசம்பரில் பஸ்ஸாகி வந்து நிற்கும். இந்தக் கணக்கில் அவர் ஐந்து சதம் ஏமாற்றியதாக யாரும் சொன்னதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

புறப்பாடு விடியச்சாமம் இரண்டு மணிக்கு. மாரியம்மன் கோயிலடியில் தேங்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று என்றால், மிச்ச எலுமிச்சம்பழம் பிள்ளைகளின் மூக்குக்கு. கரவனெல்லையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலைக்குப் போகிற பாதையின் வளைவுகளை அறிந்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும். ஷொப்பிங் பேக் கைமாறிக்கொண்டே போகும். பொல்கஹவெல தாண்டிக் குருநாகலில் விடியும்போது பஸ்ஸில் பாதிப்பேர் வெறும் வயிற்றோடு இருப்பார்கள். அதுதான் தருணமென்று மாஸ்டர் மைக்கை எடுப்பார்.

அவர் சொல்லும் தகவலில் பிழை இருக்காது. காசியப்பன் அரசாண்டது 477 முதல் 495 வரை. தகப்பன் தாதுசேனனைக் கொன்றுவிட்டு, அனுராதபுரத்தை விட்டு இந்தப் பாறைக்கு வந்து கோட்டை கட்டினான். தம்பி முகலன் இந்தியாவுக்குத் தப்பிப் போய்ப் படை திரட்டி வந்து அவனை முடித்தான். "படை மட்டும் நம்ம ஆளு" என்று இந்த இடத்தில் மாஸ்டர் சேர்த்துக்கொள்வார். யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சீகிரியா சேர்ந்தது 1982இல். எழுதிக்கோ. எழுதிட்டியா? பின் சீட்டு, எழுதினியா?

பாறைக்கு மேலே போனாலும் இதே அதட்டல்தான். ஆனால் அங்கே எழுத முடியாது. ஏனென்றால் பாறை அடிவாரத்தில் இறங்கியதும் மாஸ்டர் முதல் வேலையாகப் பேனைகளைப் பறிமுதல் செய்துவிடுவார். பென்சில், கொம்பாஸ், பெண்பிள்ளைகளின் தலையில் இருக்கும் ஊசி, கிளிப் எல்லாம் அவருடைய பைக்குள் போய்விடும். இதற்குக் காரணம் உண்டு. 2015இல் சுற்றுலா வந்த ஓர் இளம்பெண் இந்தப் பாறையில் பளபளக்க மெருகேற்றிய கண்ணாடிச் சுவரில் பெயரைக் கீறிவிட்டு இரண்டு வருடச் சிறைத் தண்டனை பெற்றாள். பிறகு ஜனாதிபதி மன்னித்ததால் வீடு வந்தாள். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து மாஸ்டருக்கு நித்திரையில்லை. பயம் நியாயமானதுதான். ஆனால் பேனையைக் கீழே பிடுங்கிக்கொண்டு மேலே போய் "எழுதிக்கோ" என்று அதட்டுவதற்கு எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது?

தலை எண்ணுவது இன்னொன்று. சிங்கப் பாதத்தில் ஒருதரம், நீர்த் தோட்டத்தில் ஒருதரம், கக்கூஸ் வாசலில் இரண்டுதரம். ஒருபோதும் ஒரே தொகை வராது. தன்னைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அவர் இன்னும் தீர்மானிக்கவில்லை. அதை விடுவோம்.

முதுகுக்கு வருவோம். ஏன் திரும்பி நிற்கிறார் என்பதற்கு அவர் சொல்லும் காரணம் ஒழுங்கு. "முகத்தப் பார்த்தாத்தான் புள்ளைங்க கட்டுப்படும்." உண்மைக் காரணம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண்கள் இடுப்புக்கு மேலே நகைகளைத்தான் நம்பியிருக்கிறார்கள். பஸ்ஸில் தாய்மார் இருக்கிறார்கள், வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் மேலே மாஸ்டரிடம் படித்தவர்களே பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கிறார்கள். நாற்பது வருஷம் ஒழுக்கம் சொல்லிக் கொடுத்த மனுஷன் எந்த முகத்தோடு அங்கே விரல் நீட்டுவார்? ஆகவே குடையை விரிப்பார். பாறைக்குள் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. விரித்த குடையைத் தோளில் சாய்த்து இடப்பக்கமும் வலப்பக்கமுமாக அசைத்துக்கொண்டே விளக்கம் சொல்வார். இருபது சொச்சப் பெண்களில் எவரை மறைப்பது என்று குடையும் திண்டாடும். காவலாளி வந்து குடையை மடக்கச் சொல்லும்போது விளக்கமும் முடிந்துவிடும்.

அந்தப் பெண்கள் யார் என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 1890களில் அங்கே அகழ்ந்த எச்.சி.பி. பெல், பூக்களோடு விகாரைக்குப் போகும் அரச மகளிர் என்றார். சேனரத் பரணவிதான, மின்னலும் மேகமும் பெண்ணுருவில் வந்திருக்கின்றன என்றார். ஆனந்த குமாரசுவாமி, அப்சரஸ் என்றார். மாஸ்டர் தயங்காமல் மூன்றாவது கட்சி. தேவலோகத்து ஆட்கள் எப்படி உடுத்தாலும் அது தோட்டத்துத் தாய்மாருக்குக் குறைவில்லை. தவிர, "குமாரசுவாமி நம்ம ஆளு. அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்."

இதில் மாஸ்டர் தனியாள் இல்லை. அவருக்கு ரோமாபுரியிலேயே முன்னோர் உண்டு. சிஸ்டைன் ஆலயத்துச் சுவரில் மைக்கேல் ஏஞ்சலோ 1541இல் 'இறுதித் தீர்ப்பு' ஓவியத்தை முடித்தபோது, இத்தனை பேர் துணியில்லாமல் நிற்கிறார்களே என்று பாப்பரசரின் அதிகாரி ஒருவர் முகம் சுளித்தார். அவரைக் கழுதைக் காதோடு நரகத்தில் வரைந்து கணக்குத் தீர்த்தார் மைக்கேல் ஏஞ்சலோ. 1564இல் அவர் கண்மூடிய பிறகு, அவருடைய நண்பரான டானியலே ட வொல்தெராவையே கூப்பிட்டு உருவங்களுக்குத் துணி கட்டச் சொன்னார்கள். அவரும் கட்டினார். கால்சட்டைக்காரர் என்ற பட்டப்பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. வொல்தெராவுக்குத் தூரிகை, நம்மவருக்குக் குடை. காசியப்பனின் ஓவியர்கள் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டதால் கழுதைக் காதிலிருந்து மாஸ்டர் தப்பினார்.

மைக்கேல் ஏஞ்சலோ பெயர் மாஸ்டருக்கும் பிரியமான பெயர்தான். "இத்தாலிக்காரன் கூரையில படம் போட்டது 1508லருந்து 1512 வரைக்கும். நாம போட்டது அவனுக்கு ஆயிரம் வருஷம் முந்தி!" அடுத்த வெடி: 1967 ஒக்டோபரில் யாரோ விஷமிகள் இந்தப் பெண்கள்மீது பச்சைப் பெயின்ற் ஊற்றியபோது, அதைச் சுரண்டி எடுத்துச் சீராக்க ரோமிலிருந்து லூசியானோ மரன்சி என்ற நிபுணர் வந்தார். "பார்த்தியா, அவனே வந்தான்!" இவ்வளவும் சொல்வார், அருமையாகச் சொல்வார். பச்சைப் பெயின்ற்றின் தடம் இருக்கிறதா, எந்தப் பெண்ணின் விரலை ஓவியர் ஒருதரம் வரைந்து திருத்தி மறுபடி வரைந்திருக்கிறார், காவி எங்கே மஞ்சளாகிறது என்று மட்டும் திரும்பிப் பார்க்கமாட்டார். பார்க்கவும் விடமாட்டார். "பார்த்தாச்சா? நட, நட. பின்னால ஆளு நிக்குது."

இங்கேதான் சிரிப்பு நின்றுபோகிறது. லயத்துக் காம்பராவில் அந்தப் பிள்ளை பார்க்கும் படம் கடைக்காரர் கொடுத்த கலண்டர். வகுப்பில் மற்றவர்கள் கணக்குப் போடும்போது கொப்பியின் கடைசிப் பக்கத்தில் யானையும் மயிலும் கீறிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. ஒரு வருஷம் முழுக்க அம்மா கொழுந்தெடுத்தும் அப்பா றப்பர் பால் வெட்டியும் கட்டிய காசில் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் பாதியை ஏறி அங்கே வந்து நிற்கிறது அது. அந்தக் குகையில் படமெடுக்கவும் தடை. போனில் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல வழியில்லை. கண்ணால் பார்த்ததுதான் கணக்கு. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது 477, 495, 1982, ஒரு குடை. பின்னவலையில் யானை குளிப்பதைப் பார்க்க இரண்டு மணித்தியாலம் விடுகிற மனுஷனுக்கு, தம்புள்ளைக் கடைத்தெருவில் றப்பர் பாம்பு வாங்க ஒரு மணித்தியாலம் விடுகிற மனுஷனுக்கு, இங்கே ஐந்து நிமிஷம் ஏன் இல்லை? கூசினால் தான் கீழே இருந்துகொள்ளலாமே.

அதே பாறையின் கண்ணாடிச் சுவரில், 8ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரை வந்துபோனவர்கள் அந்தப் பெண்களைப் பார்த்துக் கவி எழுதிவைத்தார்கள். பரணவிதான அவற்றில் 685ஐ வாசித்து 1956இல் நூலாக்கினார். ஏங்கினவர்கள், கேலி செய்தவர்கள், ஒரு வார்த்தை பேசமாட்டாயா என்று கேட்டவர்கள் எல்லாரும் அதில் உண்டு. அவர்களுக்கு டூர் மாஸ்டர் வாய்க்கவில்லை. பேனையையும் யாரும் பிடுங்கவில்லை.

தம்புள்ளையில் நிலைமை கொஞ்சம் தேவலை. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்றால் அங்கே காவலாளி விடமாட்டார். ஆகவே மாஸ்டர் நண்டுபோல் பக்கவாட்டில் நின்றுதான் பேச வேண்டும். ஐந்து குகை, 1991இல் உலக மரபுரிமை, இன்று காணும் ஓவியங்களில் பெரும்பங்கு 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் தீட்டியவை. அவன் மதுரை நாயக்கர் வழிவந்தவன், ஆகவே "நம்ம ஆளு". சுவரும் கூரையும் ஓவியமயமான இரண்டாவது குகையில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும். கீழே ஒரு பாத்திரம் வைத்து ஏந்துவார்கள். எங்கிருந்து சொட்டுகிறது என்று பொடிசுகள் அண்ணாந்து பார்ப்பார்கள். பார்த்த கண் இறங்காது. மாஸ்டர் எதிர்பாராமல் நடந்துவிட்ட நல்ல காரியம் அது.

மனுஷனை முழுதாக வெறுக்க முடியாமல் செய்கிற இடம் ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. குகைக்கு வெளியே வந்து, கீழே ஓடுகிற பெருந்தெருவைக் காட்டுவார். கொப்பியைப் பார்க்கமாட்டார். "இந்த வழியாத்தான் வந்தாங்க. மன்னார்ல தோணியில வந்து எறங்கி, காட்டுக்குள்ள நடந்து, தம்புள்ளை, மாத்தளைனு. கோப்பித் தோட்டத்துக்கு. வாந்திபேதியில நெறையப் பேரு வழியிலயே செத்தாங்க. மத்தவங்க நடந்தாங்க." அப்போது அவர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் தெருவையே பார்த்துக்கொண்டு நிற்பார். யாரையும் அதட்டமாட்டார். "என்னையப் பாரு" என்று சொல்லமாட்டார். ஆனாலும் ஒரு பிள்ளைகூட அசையாது. அவர் பார்க்கிற பக்கமே எல்லாரும் பார்ப்பார்கள். திரும்பும் வழியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் பஸ் நிற்கும்போது, காலையில் வாந்தியெடுத்த பிள்ளைகளே தாமாகக் கைகூப்புவார்கள்.

ஆகவே வித்தை தெரியாதவர் அல்லர். தெரிந்ததைச் சீகிரியாவில் செய்வதில்லை, அவ்வளவுதான்.

வருகிற டிசம்பருக்கு அவரிடம் காசு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட்டை இரத்துச் செய்யாதீர்கள். அவர் இல்லாவிட்டால் அந்தப் பஸ் ஓடாது, உங்கள் பிள்ளை குருநாகலையும் காணாது. பேனைகளை அவரே வாங்கி வைத்துக்கொள்ளட்டும். குடையை மட்டும் பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். தலை எண்ணும் வேலையை பஸ் கிளீனரிடம் ஒப்படையுங்கள். சுருள் படியில் ஏறியதும் மாமாவோ சித்தப்பாவோ ஒருவர் மாஸ்டரின் தோளைப் பிடித்து, "சேர், நீங்களும் ஒருக்காப் பாருங்க" என்று மரியாதையாகத் திருப்பிவிடுங்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.