ரீகால் கடிதத்தைக் கிழிக்காதீர்கள்!

அமெரிக்காவில் வாழும் தமிழர்களிடமிருந்து கார் ரீகால் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பலரும் லிங்கன் எம்.கே.சி. என்ற சின்னச் சொகுசு எஸ்யூவியைப் பற்றிக் கேட்டிருப்பதால் அதையே நடுவில் வைத்துப் பதில் சொல்கிறேன். சென்னையிலிருந்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கும் பதில் உண்டு.

கேள்வி: ரீகால் என்றால் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுவார்களா?
— டெட்ராய்ட் வாசகர்

பதில்: கார் உங்களுடையது, குறை அவர்களுடையது. அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வது பெரும்பாலும் குறையை மட்டும்தான்! 1966-ல் வந்த அமெரிக்க வாகனப் பாதுகாப்புச் சட்டம் தயாரிப்பாளருக்கு மூன்று வழிகளைத் தருகிறது. இலவசமாகச் சரிசெய்து தரலாம், மாற்று வண்டி தரலாம், அல்லது தேய்மானம் கழித்துப் பணத்தைத் தரலாம். நடைமுறையில் முதல் வழிதான் அதிகம். பாகத்துக்கும் கூலிக்கும் டீலர் உங்களிடம் ஒரு காசு கேட்கக் கூடாது. நீங்கள் முதல் உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த உரிமை வண்டியோடு வரும்.

கேள்வி: இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் சொகுசு காரிலுமா குறை இருக்கும்?
— டாலஸ் வாசகி

பதில்: கூடுதல் விலைக்குத் தோல் இருக்கை வரும், நல்ல ஸ்பீக்கர் வரும், கதவு சத்தமில்லாமல் மூடும். குறையே வராது என்ற வரத்தை எந்த ஷோரூமிலும் விற்பதில்லை.

எம்.கே.சி.யையே பாருங்கள். கென்டக்கி மாநிலம் லூயிவில் ஆலையில், ஃபோர்டு எஸ்கேப்பின் உடன்பிறப்பாக உருவான வண்டி. 2015 மாடலாக வந்தபோது அதில் கியர் லீவரே இல்லை. நடுத்திரைக்குப் பக்கத்தில் வரிசையாகப் பொத்தான்கள்: பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், ஸ்போர்ட். பார்க்க அழகு. ஆனால் எஞ்சினை அணைக்கும் பொத்தானையும் அதே வரிசையில், ஸ்போர்ட் பொத்தானுக்கு அடுத்து வைத்துவிட்டார்கள். வேகம் கூட்ட நினைத்து விரல் நீட்டியவர் எஞ்சினையே அணைத்தார். ஓடும் வண்டியில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் துணைவிசை போகும். பின்னால் வருகிறவருக்கும் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று தெரியாது.

வண்டி வந்து ஓராண்டு முடிவதற்குள் 13,500-க்கும் மேற்பட்ட எம்.கே.சி.க்களை ஃபோர்டு ரீகால் செய்தது. அணைக்கும் பொத்தானை வரிசையின் உச்சிக்கும் ஸ்போர்ட் பொத்தானை அடிக்கும் மாற்றினார்கள், மென்பொருளையும் திருத்தினார்கள். எஞ்சினில் கோளாறு இல்லை, மின்சுற்றிலும் கோளாறு இல்லை. ஒரு பொத்தானின் இடம்தான் தவறு.

கேள்வி: பார்க்காமல் அமுக்கியது ஓட்டுநரின் தவறுதானே? அதற்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?
— அட்லாண்டா வாசகர்

பதில்: ஒருவர் தவறாக அமுக்கினால் அவருடைய கவனக்குறைவு. பலர் ஒரே மாதிரி அமுக்கினால் அது வடிவமைப்பின் தவறு. சாலையைப் பார்த்து ஓட்டும் மனிதன் பொத்தானைப் பார்த்து அமுக்க மாட்டான், தடவித்தான் அமுக்குவான். அதை முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பதற்குத்தான் பொறியாளருக்குச் சம்பளம்.

“ஓட்டுகிறவர் தவறு” என்று ஒதுக்கியதன் விலையை ஜெனரல் மோட்டார்ஸ் கதை சொல்லும். சாவிக்கொத்தின் கனத்திலும் குலுக்கலிலும் அதன் சில மாடல்களின் இக்னிஷன் சுவிட்ச் தானாக நழுவி எஞ்சினை அணைத்தது. அந்த நிலையில் ஏர்பேக்கும் விரியாது. கம்பெனிக்குள் சிலருக்குப் பத்தாண்டுக்கு மேலாகத் தெரிந்திருந்த இந்தக் குறைக்கு 2014-ல்தான் ரீகால் வந்தது. சுமார் 26 லட்சம் கார்கள். 124 மரணங்களுக்கு இந்த சுவிட்சே காரணம் என்று இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது. இறந்தவர்களில் பலரையும் உயிரோடு வைத்திருக்க ஒரு சின்ன உதிரிபாகம் போதுமாக இருந்திருக்கும். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கும் வர வேண்டும்.

கேள்வி: “காரை வீட்டுக்கு வெளியே, கட்டடத்தை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்” என்று என் எம்.கே.சி.க்குக் கடிதம் வந்திருக்கிறது. எங்கள் அபார்ட்மென்ட்டில் தரையடி பார்க்கிங்தான். பனியில் வெளியே எப்படி நிறுத்துவது?
— சிகாகோ வாசகி

பதில்: பனி படிந்தால் சுரண்டி எடுத்துவிடலாம் அம்மா. தீப்பிடித்தால்?

2015 முதல் 2019 வரையிலான எம்.கே.சி.க்களில் ஏறத்தாழ 1 லட்சத்து 42 ஆயிரம் வண்டிகளுக்கு 2023-ல் வந்த ரீகால் இது. 12 வோல்ட் பேட்டரியின் நிலையைக் கண்காணிக்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. பேட்டரி வேலையோ பக்கத்தில் வேறு வேலையோ நடக்கும்போது அது அடிபட்டு விரிசல் விட்டால் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம், பானெட்டுக்குள் தீப்பிடிக்கலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. அணைத்துவிட்டுப் போய்ப் படுத்த பிறகும் நடக்கலாம். உங்கள் தலைக்கு மேல் எத்தனை குடும்பங்கள் தூங்குகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கடிதத்தைக் கட்டட நிர்வாகியிடம் காட்டி வெளியே இடம் கேளுங்கள். அன்றைக்கே டீலருக்கு போன் செய்து தேதி வாங்குங்கள். இது தள்ளிப்போடும் வேலை இல்லை.

கேள்வி: என் காருக்கு ரீகால் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— நியூ ஜெர்சி வாசகர்

பதில்: வண்டியின் ஜாதகம் 17 எழுத்தில் இருக்கிறது. வின் எண் என்பார்கள். ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடியின் கீழ்மூலையில் அல்லது கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமான நிட்சாவின் இணையதளத்தில் அதைப் போட்டால், சரிசெய்யப்படாத ரீகால்கள் அப்படியே வரும். எழுதும்போது குழம்பாதீர்கள்: வின் எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. நீங்கள் பார்ப்பது ஒன்று அல்லது பூஜ்யம்தான். ஆயில் மாற்றும்போதெல்லாம் இதையும் பார்த்துவிடுங்கள். வீடு மாறியிருந்தால் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும், குறை மட்டும் உங்களோடு புது வீட்டுக்கு வந்திருக்கும்.

கேள்வி: ரீகாலுக்குக் காலாவதி உண்டா?
— பாஸ்டன் வாசகர்

பதில்: ரீகாலுக்கு இல்லை. இலவசம் என்ற சட்டக் கட்டாயத்துக்கு மட்டும் உண்டு: முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டு.

கேள்வி: நான் ஒருத்தி புகார் எழுதி என்ன ஆகிவிடப் போகிறது?
— ஹூஸ்டன் வாசகி

பதில்: ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் அது அந்த வீட்டுக் கவலை. ஒரே தெருவில் பத்து வீட்டில் காய்ச்சல் என்றால் சுகாதாரத் துறை வந்து தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கும். நிட்சா வேலை செய்வதும் இப்படித்தான். வரும் புகார்களை மாடல்வாரியாகப் பிரித்து, ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் முதற்கட்ட ஆய்வு தொடங்கும். அதில் உண்மை தெரிந்தால் பொறியியல் ஆய்வு. அதன் முடிவில் ரீகால். பல நேரம் அதற்குள் கம்பெனியே முன்வந்து ரீகால் அறிவித்துவிடும். குறை உண்டு என்று கம்பெனி முடிவு செய்தால் ஐந்து வேலை நாளுக்குள் நிட்சாவுக்குச் சொல்லியாக வேண்டும். விபத்தோ மரணமோ நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் காத்திருப்பதில்லை.

ஆனால் புகாரைப் புகாராக எழுதுங்கள். “மோசமான வண்டி, பணம் தண்டம்” என்பது ஆதங்கம். அதை வைத்து ஆய்வாளர் எதையும் தேட முடியாது. தேதி, மீட்டரில் ஓடிய மைல், அப்போதைய வேகம், எந்த விளக்கு எரிந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், வண்டி என்ன செய்தது, டீலர் என்ன சொன்னார் என்று வரிசையாக எழுதுங்கள். வின் எண்ணைத் தவறாமல் போடுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் ரசீதை எறியாதீர்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்: நிட்சா உங்களுக்காக டீலரிடம் பேசிப் பணம் வாங்கித் தராது. உங்கள் புகாரால் பிழைக்கப்போகிறவர் நீங்கள் பார்த்தே இராத யாரோ ஒருவராக இருக்கலாம். அதற்காகவே எழுதுங்கள்.

கேள்வி: என் எம்.கே.சி.யில் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது. ரீகால் இல்லை என்கிறார்கள். பிறகு யாரிடம் முறையிடுவது?
— கலிஃபோர்னியா வாசகர்

பதில்: எல்லாக் குறையும் பாதுகாப்புக் குறை ஆகாது. பெயின்ட் உரிவது, ஏசி குளிராதது, ஆயில் அதிகம் குடிப்பது இவையெல்லாம் ரீகாலுக்குள் வராது. கூலன்ட் விஷயம் எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஃபோர்டின் 2.0 லிட்டர் எக்கோபூஸ்ட் எஞ்சின்களில் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிவதாகப் பல உரிமையாளர்கள் முறையிட்டிருக்கிறார்கள்.

முதலில் டீலரிடம் “இதற்கு சர்வீஸ் புல்லட்டின் இருக்கிறதா” என்று கேளுங்கள். ‘இந்தக் குறைக்கு இந்த வைத்தியம்’ என்று தயாரிப்பாளர் டீலர்களுக்கு அனுப்பும் குறிப்பு அது. வாரன்ட்டி முடிந்திருந்தால் செலவு உங்களுடையதாகலாம். ஆனாலும் குறை உங்கள் கற்பனை இல்லை என்பதற்கு அது சாட்சி. வாரன்ட்டி காலத்தில் பலமுறை கொண்டுபோயும் தீராத குறைக்கு மாநிலங்களின் லெமன் சட்டங்கள் இருக்கின்றன. 1982-ல் கனெக்டிகட்டில் தொடங்கியது, இன்று எல்லா மாநிலத்திலும் உண்டு. ஓடும்போது எஞ்சின் நின்றாலோ புகை வந்தாலோ உடனே நிட்சாவுக்கும் எழுதுங்கள். அப்போது அது பாதுகாப்பு விஷயம்.

கேள்வி: சொந்தச் செலவில் சரிசெய்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து அதே குறைக்கு ரீகால் வருகிறது! பணம் போனது போனதுதானா?
— சியாட்டில் வாசகி

பதில்: போகவில்லை. ரீகாலுக்கு முன் செய்த செலவைத் திருப்பித் தரும் திட்டம் தயாரிப்பாளரிடம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கால வரம்பு உண்டு, ரசீது வேண்டும். ரசீதை எறியாதீர்கள் என்று ஹூஸ்டன் சகோதரிக்குச் சொன்னேனே, அது உங்களுக்கும்தான்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் சொகுசு எஸ்யூவி வாங்கப் போகிறேன். ரீகால் வேலையை முடிக்காமல் டீலர் விற்க முடியுமா?
— ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: புது வண்டியை விற்க முடியாது. பழைய வண்டியை விற்பதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. இது பெரிய ஓட்டை.

வாடகை வண்டியிலும் இதே ஓட்டை இருந்தது. 2004-ல் ரேச்சல், ஜாக்குலின் ஹவுக் என்ற சகோதரிகள் கலிஃபோர்னியாவில் வாடகைக்கு எடுத்த கார் தீப்பிடித்து மோதி இருவரும் இறந்தார்கள். அந்தக் காருக்கு ஏற்கனவே ரீகால் இருந்தது, சரிசெய்யாமலே வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர்களின் தாய் சளைக்காமல் போராடினார். 2015-ல் அந்த இருவர் பெயரிலேயே சட்டம் வந்தது. 35-க்கு மேல் வண்டி வைத்திருக்கும் வாடகை நிறுவனம், ரீகால் நிலுவையில் உள்ள வண்டியை இனி வாடகைக்கு விட முடியாது. ஒரு தாய் தன் மக்களைக் கொடுத்துப் பெற்ற சட்டம் அது. பழைய வண்டிக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை, முன்பணம் கொடுக்கும் முன் வின் எண்ணை நீங்களே சோதியுங்கள். ரீகால் வேலையை முடித்த ரசீது இல்லாமல் சாவியை வாங்காதீர்கள்.

கேள்வி: கடிதம் வந்தது, போனேன், “பாகம் இல்லை” என்கிறார்கள். என்ன செய்வது?
— ஃப்ளோரிடா வாசகர்

பதில்: பதிவு செய்துவிட்டு, விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். டகாட்டா என்ற கம்பெனியின் ஏர்பேக் ரீகாலில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகள். அத்தனைக்கும் ஒரே நாளில் பாகம் கிடைக்காது. அவற்றில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெயிலிலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, விரியும்போது உலோக உறையை உடைத்துச் சில்லுகளைச் சிதறடித்தது. அதனால்தான் உங்கள் ஃப்ளோரிடா போன்ற புழுக்கமான மாநிலங்களுக்கு முன்னுரிமை தந்தார்கள். கடிதத்தில் “ஓட்டவே ஓட்டாதீர்கள்” என்று இருந்தால் ஓட்டாதீர்கள். மாற்று வண்டி தருவீர்களா என்று கேளுங்கள். கேட்பவருக்குத்தான் பல நேரம் கிடைக்கிறது.

கேள்வி: இந்தியாவில் இப்படியெல்லாம் சட்டம் உண்டா?
— சென்னை வாசகர்

பதில்: உண்டு. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். விற்பனை எண்ணிக்கைக்கு ஏற்பப் புகார்கள் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் விசாரணை வரும். கட்டாய ரீகால் என்றால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். புகாரை அரசின் வாகன் தளத்தில் பதியலாம். அதற்கு முன் 2012 முதல் இருந்தது கம்பெனிகள் தாமாகவே ஏற்ற விதிமுறை மட்டும்தான். சட்டம் வந்துவிட்டது, புகார் எழுதும் பழக்கம் நம்மிடம்தான் வர வேண்டும்.

கேள்வி: கடைசியாக ஒன்று. ரீகால் அதிகம் உள்ள காரை வாங்கலாமா, கூடாதா?
— மிச்சிகன் வாசகி

பதில்: எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குறையை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து தருவது வெட்கமல்ல, கடமை. எத்தனை ரீகால் என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் அறிவித்தார்கள், உங்கள் கையில் வரும் வண்டியில் அத்தனையும் முடிந்திருக்கிறதா என்ற இரண்டையும் கேளுங்கள். முடிந்திருந்தால் தாராளமாக வாங்குங்கள். முடியாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வீட்டில் ரீகால் கடிதம் பிரிக்காமல் கிடந்தால் இன்றைக்கே பிரித்துப் படியுங்கள், நாளைக் காலையில் டீலருக்கு போன் செய்யுங்கள்.