16 வரிசைக்குள் பெருங்களத்தூர்

ஓர் ஊரின் பெயர் நல்ல பெயர்தானா என்பதற்கு எண்கணித ஜோதிடர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்இடி போர்டு மாட்டுகிறவர்கள் இன்னொரு கணக்கு. இரண்டாவது கணக்கில் தாம்பரம் உத்தமமான பெயர். எழுத்தெல்லாம் தரையோடு தரையாக நிற்கிறது, தலைமேல் இரண்டே புள்ளி, காலில் எதுவும் தொங்கவில்லை. பல்லாவரமும் தேவலை. முடிச்சூர் என்றால் போர்டுக்காரர் முகம் சுருங்கும். பெருங்களத்தூர் என்றால் போனையே எடுக்கமாட்டார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் கடை வாசல்களில் சிவப்பாக எழுத்து ஓடுகிறதே, அந்தப் பலகைக்குப் பி10 என்று பெயர். புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர். ஒரு பலகையில் குறுக்கே 32, உயரத்தில் 16, ஆக 512 புள்ளிகள். ஆங்கில எழுத்து 5க்கு 7 புள்ளியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். தமிழில் தலைப்புள்ளிக்கும் இடைவெளிக்கும் மேலே இரண்டு வரிசை போய்விடும். ‘தூ’வின் வால் கீழே நாலு வரிசையைச் சாப்பிடும். மிச்சமுள்ள பத்தில் ‘ங’ தன் மாடிப்படியைக் கட்டிக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் ஃபான்டை அப்படியே சுருக்கினால் நசுங்கிய கரப்பான்பூச்சிதான் மிஞ்சும். அதனால் எழுத்தைப் புள்ளி புள்ளியாகப் படமாகவே வரைந்து ஏற்றுவது நல்லது. 2021 நவம்பரில் எங்கள் பெருங்களத்தூரையும் சேர்த்துக்கொண்டு தாம்பரம் மாநகராட்சி ஆனது. ‘நகராட்சி’க்கு முன்னால் ஒரு ‘மா’ போட குறுக்கே இன்னும் பதினைந்து புள்ளி தேவை. வளர்ச்சி என்றால் சும்மாவா?

ஆடித் திருவிழாவுக்கு அம்மன் கோயில் வாசலில் இப்படி ஒரு பலகை வைப்பதென்று எங்கள் நகர் கமிட்டி முடிவு செய்தது. ஊர்ப்பெயர், பக்கத்தில் ஒரு சூலம். “உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமே சார்” என்று என் தலையில் கட்டினார்கள். வரைவது அரை மணி நேர வேலை. எதில் வரைவது என்பதற்குத்தான் கூட்டம் போட வேண்டியிருந்தது.

டிடிபி கடைக்காரர் கோரல்டிரா என்றார். காதுகுத்துப் பத்திரிகையையும் கண்ணீர் அஞ்சலி பேனரையும் அதே கோரல்டிராவில் பெற்றெடுத்தவர் அவர். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு பிசிறாது என்பது அவர் கட்சி. நமக்கு வேண்டியது பெரிதாக்குவது அல்ல, 16 வரிசைக்குள் முடக்குவது என்று சொன்னதைத் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்.

விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்ற மூன்றாவது வீட்டுக்காரர் பெயின்ட் கட்சி. 1985-ல் முதல் விண்டோஸோடு வந்தது, இன்னும் நிற்கிறது, வேறு எதற்கு என்றார். அதிலும் நியாயம் உண்டு. 2017-ல் பெயின்ட்டை ஓரங்கட்டப்போவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னதும் உலகம் பூராவும் ஒப்பாரி எழுந்து, அது எங்கேயும் போகாது என்று கம்பெனியே உடனடியாகச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று.

அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். அவனுக்கு ஏஸ்ப்ரைட்தான் வேண்டும். அர்ஜென்டினாவின் டேவிட் கபெல்லோ 2001-ல் தொடங்கிய சாஃப்ட்வேர். பிக்சல் படத்துக்கென்றே பிறந்தது, சந்தேகமில்லை. விலை 20 டாலர். ஆனால் அதன் சோர்ஸ் கோடு வெளியே கிடக்கிறது, சொந்த உபயோகத்துக்கு நாமே கம்பைல் செய்துகொள்ளலாம். “காசு எதுக்கு மாமா, நானே பண்ணிடறேன்” என்று ராத்திரி உட்கார்ந்தான். விடியும்வரை ஓடிய ஏசிக்கும் நடுவில் வரவழைத்த பிரியாணிக்கும் 20 டாலருக்குமேல் ஆகியிருக்கும். ஆனால் நம் வீடுகளில் பிரியாணி செலவுக் கணக்கில் வராது.

விடிந்ததும் அவன் செய்த முதல் காரியம், தேடிப் பிடித்து ஒரு 16 வண்ணத் தொகுப்பை இறக்கியது. 1985-ல் டான் சில்வா அமிகா கம்ப்யூட்டருக்காக எழுதிய டீலக்ஸ் பெயின்ட்டில் ஒரு படத்துக்கு 32 வண்ணம். அந்த சாஃப்ட்வேருக்கு அதற்குமேல் வக்கில்லை. இன்றைக்கு லேப்டாப்பில் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் வண்ணம் கொட்டிக்கிடக்கிறது, பிக்சல் பிரியர்கள் அதை மூடிவைக்க வழி தேடுகிறார்கள். பிக்கோ-8 என்று ஒன்று உண்டு. 128க்கு 128 புள்ளி, 16 வண்ணம். எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு பழைய மெஷினைக் கற்பனை செய்து, அதைக் காசுக்கு விற்கிறார்கள், வாங்கவும் ஆளிருக்கிறது. அந்த வறுமை எங்களுக்கு, பையன் இறக்கிய தொகுப்பில், ஓசியிலேயே கிடைத்தது. இத்தனைக்கும் கோயில் பலகைக்கு ஒரே வண்ணம், சிவப்பு.

சாஃப்ட்வேரைச் சோதிக்கிறேன் என்று 16க்கு 16 கட்டத்தில் தலைவர்களை வரைய ஆரம்பித்தான். எம்.ஜி.ஆர். சட்டென்று வந்துவிட்டார், வெள்ளைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தீர்ந்தது. பாரதிக்கு முண்டாசும் மீசையும். பெரியாருக்குத் தாடி. கலைஞருக்குக் கண்ணாடியோடு மஞ்சள் துண்டு. பிக்சல் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து உடுத்தியவர்கள் மாதிரி இருந்தது. சிவாஜி கணேசன்தான் கையில் சிக்கவில்லை. தொப்பி கிடையாது, தாடி கிடையாது, நடிப்பு மட்டும்தான். அதற்கு 256 புள்ளி எந்த மூலைக்கு?

ஸ்டார்டியூ வேலி விளையாட்டின் படங்கள் அத்தனையையும் எரிக் பரோன் தனி ஆளாக பெயின்ட்.நெட் என்ற இலவச சாஃப்ட்வேரில் வரைந்தார் என்பதைப் பையன் ஏதோ பேச்சில் உளறிவிட்டான். மூன்றாவது வீட்டுக்காரர் அதைப் பெயின்ட்டின் வெற்றியாகவே அறிவித்தார். அது வேறு, இது வேறு என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

ஒருவழியாகப் படம் தயாரானது. கமிட்டிச் செயலாளர் அதை டாக்குமெண்டாக அனுப்பாமல் குரூப்பில் போட்டோவாகப் போட்டார். புள்ளியெல்லாம் கலங்கி, சூலம் முள்கரண்டி ஆயிற்று. பதறிப்போய், பலகை மாட்டுகிற சீரியல் செட் அண்ணனுக்குப் போன் போட்டால், அவர் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை. பலகையோடு வந்த சாஃப்ட்வேரிலேயே, ஓட்டை லேப்டாப்பில், மவுஸால் ஒவ்வொரு புள்ளியாகத் தட்டிப் போட்டு முடித்திருந்தார்.

“உங்க ஊரு பேரு அடங்கல சார். அதான் மேல இன்னொரு வரிசை பலகை சேத்துட்டேன். இப்ப 32 வரிசை. பில்லுல போட்டுக்கறேன்.”

செயலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். “முப்பத்திரண்டா? அப்ப சூலம் எதுக்கு, அம்மனையே வரைஞ்சிடலாமே. எதுல வரையலாம் சார்?”

ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.