லென்ஸு வாங்கப் போறியா, பேராண்டி?

இன்னா பேராண்டி, டீ குடிக்கறதையே வுட்டுட்டியாமே? பஸ் காசை மிச்சம் புடிக்கத் திருக்கழுக்குன்றத்துலேருந்து மாமல்லபுரத்துக்குச் சைக்கிள் மிதிக்கறியாமே? மிதி, உடம்புக்கு நல்லது. எதுக்குடான்னு கேட்டா 'தூரத்தைக் கிட்ட இழுக்கற 70-200 லென்ஸு'ங்கறே. வெலை ரெண்டு லட்சத்துக்கு மேலேயாம். அந்தக் காசுக்குக் கறவை மாடு புடிச்சா சாணியாவது மிஞ்சும்.

சரி, கணக்குப் போடுவோம். மாசம் 3,000 ரூபா சேத்தா 2,16,000 சேர ஆறு வருசம் ஆவுது. அதுவரைக்கும் கம்பெனிக்காரன் கையைக் கட்டிக்கினு இருப்பானா? 2018-ல கேனானும் நிக்கானும் கேமராவோட வாயையே மாத்திட்டாங்க. பழைய லென்ஸை மாட்டணும்னா நடுவுல ஒரு அடாப்டர் வளையம் தனியா வாங்கணும். நீ ஆறு வருசம் வாயைக் கட்டி வாங்கப் போறதுக்குள்ள இன்னும் எதை மாத்துவானோ! அப்ப இ.எம்.ஐ.ல எடுக்கறேங்கறியா? வட்டியே இல்லேன்னு வாசல்ல போர்டு வச்சிருப்பான். பிராசசிங் ஃபீஸு பின்கதவால வரும். கண்ணாடியைப் போட்டுக்கினு படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு.

அது கெடக்கட்டும். எதைப் படம் எடுக்கப் போறே? மாமல்லபுரத்தையா? அங்க எது உன்னைக் கண்டு ஓடுது? ராஜசிம்ம பல்லவன் கட்டின கடற்கரைக் கோயிலு 1,300 வருசமா அங்கியேதான் குந்தினு கீது. அர்ச்சுனன் தபசு ரோட்டோரம் கீது. ஏறக்குறைய 90 அடி நீளப் பாறை அது. அதுக்கு நேரா நின்னு 200-ஐத் திருப்பினா அதுல செதுக்கின ஆனையோட காலுதான் வரும். மிச்ச ஆனையை யாரு எடுக்கறது, நானா?

அந்தப் பாறையில ஒரு பூனை நிக்குதே, பாத்திருக்கியா? முன்னங்கையத் தூக்கிக்கினு பெரிய தவம். காலடியில எலிங்க. செதுக்கின ஆளு நக்கல் புடிச்சவன். சூரியன் மொளைக்கற நேரத்துல கடற்கரையில நிக்கற உங்க கூட்டத்தைப் பாத்தா எனக்கு அந்தப் பூனைதான் ஞாபகம் வருது. கழுத்துல மூணு பெல்ட்டு, பத்துப் பாக்கெட் வச்ச சட்டை, மூஞ்சியில மௌனம். கண்ணு மட்டும் பக்கத்துல நிக்கறவன் லென்ஸு மேல! அன்னிக்கு ஆடத் தெரியாமக் கூடம் கோணல்னு சொன்னாளே ஒருத்தி, அவ பேரப்புள்ளைங்கதான் இன்னிக்கு 'லென்ஸு பத்தலே'ன்னு சொல்லிக்கினு திரியுது.

வலை இழுக்கறவரை நூறடி தள்ளி நின்னு ஒளிஞ்சு எடுக்கறியே, ஏன்? கிட்டப் போனா கடிச்சுடுவாரா? "அண்ணே, இன்னிக்குப் பாடு எப்படி?"ன்னு கேளு. வஞ்சிரம் எது, சங்கரா எதுன்னு தெரிஞ்சுக்கோ. ரெண்டு வார்த்தை பேசின மனுசன் மூஞ்சி வேற, திருடி எடுத்த மூஞ்சி வேற.

பிரான்சுலேருந்து ஒருத்தரு வந்தாரு, ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன்னு. 1950 ஏப்ரல்ல திருவண்ணாமலையில ரமணரோட கடைசி நாளுங்கள்ல கூட இருந்தாரு. புதுச்சேரியில அரவிந்தரைப் படம் எடுத்தாரு. போட்டோக்காரங்க எல்லாம் இன்னிக்கும் கும்பிடற ஆளு. கையில இருந்தது சின்ன லைக்கா கேமரா. லென்ஸு பெரும்பாலும் ஒரு 50 எம்.எம். அவ்வளவுதான். தூரம் பத்தலேன்னா நடந்தாரு. அதே 50, எஃப் 1.8-ன்னு பத்து, பதினஞ்சாயிரம் சுத்துல இன்னிக்குக் கெடைக்குது. அது லென்ஸு இல்லாம பொடலங்காயா? (இந்தக் கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. உன்ன மாதிரி எத்தினி பேரு இந்தத் திண்ணையில குந்திப் பொலம்பிட்டுப் போனானுங்க!)

இன்னொரு சேதி. ரெண்டு லட்சத்தைக் கொட்டி வாங்கி எங்க எடுத்துக்கினு போவப் போறே? கடற்கரைக்குத்தானே? உப்புக்காத்து இரும்பு கேட்டையே அரிச்சுத் தின்னுது. உன் கண்ணாடிக்கு மட்டும் மரியாதை குடுக்குமா? அலைத் திவலை பட்ட லென்ஸை வேட்டி முனையால வறட்டுன்னு தொடைச்சே, மணலு கீறி வச்சுடும். மொதல்ல ரப்பர் பந்தை அமுக்கிக் காத்து ஊது, மணலு போவட்டும். அப்புறம் மெத்துன்னு இருக்கற துணியால தொடை. ஐப்பசி, கார்த்திகை மழையில பைக்குள்ளியே மூடி வச்சா உள்ள பூஞ்சணம் புடிக்கும். கண்ணாடி மேல பூசின பூச்சையே தின்னுடும். அப்புறம் எடுக்கற படமெல்லாம் மூடுபனிதான். காத்து புகாத டப்பாவுல சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வை. அரிசிப் பானையில பொதைக்காதே, தூசிதான் ஏறும். வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளிய எடுத்து வேலை வாங்கு.

பறவை எடுக்கணும்னு சொல்லு, அப்ப ஒத்துக்கறேன். வேடந்தாங்கல்ல கூழைக்கடா கிட்டயும் நத்தைகுத்தி நாரை கிட்டயும் நடந்து போவ முடியாது. போவவும் கூடாது. அதுக்கு நீள லென்ஸுதான் வேணும். அந்த ஊரு சனங்க 1790-கள்லியே கலெக்டர் பிளேஸ் துரைகிட்டப் போயி, பறவையைக் காப்பாத்தற உரிமையை எழுத்துல வாங்கினவங்க. கெட்டிக்காரங்க! எச்சம் கலந்த ஏரித் தண்ணி அவங்க நெல்லுக்கு உரம் இல்லியா? தீபாவளிக்குக்கூட வெடி வைக்க மாட்டாங்க. அவங்க இத்தினி பக்குவமாப் பாத்துக்கிட்ட பறவையை, பறக்கற மாதிரி படம் வேணும்னு கைதட்டிக் கிளப்பாதே.

ஆனா அங்கியும் சீசன் மழைக்காலத்துலேருந்து பங்குனி வரைக்கும்தான். அதுல நீ எத்தினி நாளு போவப் போறே? மெட்ராஸ்ல லென்ஸை நாள் வாடகைக்கு விடறாங்களே! எடுத்துக்கினு போ. கல்யாண வேலையில பெரிய போட்டோக்காரங்க கூட ரெண்டாவது ஆளாப் போயி நில்லு, கூலியும் வரும், கையும் பழகும். வரவு எத்தினி, வாடகை எத்தினின்னு ஒரு நோட்டுல எழுதி வை. வேலைக்காகக் குடுத்த வாடகை தொடர்ந்து மூணு மாசம் தவணைப் பணத்தைத் தாண்டிச்சுன்னா, எங்கிட்ட வா. நான் கட்டற சீட்டை எடுத்து முன்பணம் நானே தரேன். வரப்ப அந்த நோட்டையும் எடுத்துக்கினு வா, நான் பாக்கணும்.