வயிறு கொஞ்சம் சரியில்லை, டாக்டர்

செங்கல்பட்டில் மருத்துவருக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1965-லேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்ட ஊர். ரயிலேறினால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் போனால் கண்ணாடி பதித்த தனியார் ஆஸ்பத்திரிகள். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு மலச்சிக்கலோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தியவன் நான். டாக்டரிடம் போகாமல் இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நிறையவே போனேன். போய், வேறு எதையாவது சொல்லிவிட்டு வந்தேன்.

சொந்த ஊரில் கிளினிக் என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டோக்கன் கொடுப்பவர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். பக்கத்து நாற்காலியில் எங்கள் தெருக்காரர். டாக்டர் அறைக்குக் கதவென்று ஒன்று உண்டு, அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. திரைச்சீலை ஒன்று மின்விசிறிக் காற்றில் பறந்துகொண்டிருக்கும். “சொல்லுங்க, என்ன பண்ணுது?” என்பார். வீட்டிலிருந்து வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் அந்த நேரம் பார்த்துக் காணாமல் போகும். “வயிறு கொஞ்சம் சரியில்லை, டாக்டர். கேஸ் மாதிரி இருக்கு.”

கேஸ் என்றால் அதற்கு ஒரு மருந்து. அமிலத்தைக் குறைக்கிற திரவம், அலுமினியம் கலந்தது. அலுமினியம் மலத்தை இறுக்கும். அடுத்த தடவை “அசதியா இருக்கு” என்றேன். இரும்புச் சத்து மாத்திரை வந்தது. அதுவும் இறுக்கும். அதற்கடுத்த தடவை “கால் வலி.” கால்சியம். அதன் குணமும் அதேதான். கேட்டதற்குத்தான் கொடுத்தார்கள், யாரையும் குறை சொல்ல வழியில்லை. நான் சொன்ன பொய் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத்திரை என்று விழுங்கி, உள்ளே இருந்த முடிச்சை என் செலவிலேயே இறுக்கிக்கொண்டிருந்தேன்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் மின்சார ரயிலைத்தான் காட்டுவேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரை செங்கல்பட்டு–கடற்கரை வண்டிதான். விடிகாலையில் காபி, அவசரமாக இரண்டு இட்லி, ஓட்டம். இரைப்பையில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் ஒரு தடவை அசைந்துகொடுப்பது உடம்பின் ஏற்பாடு, அதுவும் காலை வேளையில்தான் பலமாக இருக்கும். எனக்கு அந்த அழைப்பு சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் மறைமலை நகருக்கும் நடுவில் வரும். மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. இறங்கினால் ஆபீஸுக்கு லேட். அடக்கிக்கொள்வேன். கூடுவாஞ்சேரி தாண்டுவதற்குள் அதுவும் சலித்துப்போய்த் திரும்பிவிடும். அடக்கி அடக்கிப் பழகினால் மலக்குடலுக்குச் சொரணை மழுங்கிவிடும். தேங்கியதிலிருந்து பெருங்குடல் மிச்சத் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது எனக்கு இருந்த பெருமையெல்லாம், எதையும் அடக்கி ஆளத் தெரிந்தவன் என்பதுதான்.

ரயில் விஷயத்தில் வாய் திறந்த ஒருவரும் இருந்திருக்கிறார். ஒகில் சந்திர சென், வங்காளத்துக்காரர். பலாப்பழத்தை அளவுக்கு மேல் சாப்பிட்டுவிட்டு அகமத்பூர் ஸ்டேஷனில் ஒதுங்கியிருக்கிறார். கார்டு விசில் ஊதி வண்டியை எடுத்துவிட்டார். ஒரு கையில் லோட்டாவும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, பிளாட்பாரத்தில் விழுந்து, ஆணும் பெண்ணும் தன்னைப் பார்த்த கோலம் வரைக்கும் ஒன்றுவிடாமல் எழுதி 1909-இல் ரயில்வேக்குப் புகார் அனுப்பினார். சாதாரண வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்கு அந்தக் கடிதம்தான் காரணம் என்பார்கள். காந்தி மட்டும் என்ன? தென்னாப்பிரிக்காவில் மலச்சிக்கலும் தலைவலியும் வந்தது, காலைச் சாப்பாட்டை விட்டது, தலைவலி போயும் மலச்சிக்கல் போகாதது, இடுப்புக் குளியல் குளித்தது, வயிற்றில் ஈர மண் பற்றுப் போட்டுப் படுத்தது என்று எல்லாவற்றையும் சுயசரிதையில் எழுதிவிட்டார். அவர் ஊருலகத்துக்கே சொன்னதை, நான் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு எம்.பி.பி.எஸ்.ஸிடம் சொல்ல முடியாமல் தவித்தேன்.

வீட்டு வைத்தியம் ஏராளம். சின்ன வயதில் பாட்டி மாதம் ஒரு சனிக்கிழமை மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றுவாள். அந்த வாசனைக்கு இன்றைக்கும் என் கண் தானாக மூடிக்கொள்ளும். அப்புறம் கடுக்காய்ப் பொடி. ராத்திரி பூவன் பழம். நிலவாகைச் சூரணம் கொஞ்ச காலம் ஓடியது. திருநெல்வேலிப் பக்கம் விளைந்து, அந்த ஊர்ப் பெயரிலேயே வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு அது. குடலைத் தட்டி எழுப்பும். நான் கணக்கில்லாமல் தட்டினேன். கடைசியில் இசப்கோல். அதை நிறையத் தண்ணீரோடு குடிக்க வேண்டும். நான் அரை டம்ளரில் கரைத்து, அது கூழாவதற்குள் விழுங்கிவிட்டு, மேலே தண்ணீர் குடித்தால் ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று படுத்துவிட்டேன். தண்ணீர் போதாத இசப்கோல் எங்கே போய் அடைத்துக்கொள்ளும் என்பதை என்னிடம் கேளுங்கள்.

சோப்புத் துண்டு மாதிரி உள்ளே வைக்கிற கிளிசரின் மருந்து ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டேன். உள்ளூர் மெடிக்கலில் கேட்டால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். ஒத்தவாடைத் தெருவில் ஒரு மருந்துக் கடை. எனக்கு முன்னால் வெள்ளைக்கார அம்மா ஒருத்தி. அவளுக்குப் பேதி. எத்தனை தடவை, என்ன நிறம், எவ்வளவு தண்ணீராக என்று கடைப் பையனிடம் கையை ஆட்டி ஆட்டி, நிதானமாக, பழக்கடையில் விலை கேட்கிற குரலில் விவரித்தாள். அவனும் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, ஒரு லிட்டரில் கலக்கச் சொன்னான். அவளுக்கு நிற்க வேண்டும், எனக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். பையன் என் பக்கம் திரும்பி, “சார் உங்களுக்கு?” என்றான். “பாரசிட்டமால் ஒரு அட்டை,” என்றேன்.

“ஏங்க, இதை வாங்கவா மாமல்லபுரம் போனீங்க?” என்றாள் மனைவி. காற்று வாங்கப் போனதாகச் சொன்னேன். நம்புகிற மாதிரி பார்த்தாள்.

மாமல்லபுரம் என்றதும் வெண்ணெய் உருண்டைப் பாறையை இதற்குள் எதிர்பார்த்திருப்பீர்கள். சரிவில் நிற்கிற அந்தக் கல்லை 1908-இல் கவர்னர் லாலி ஏழு யானை கட்டி இழுத்துப் பார்த்தும் அசையவில்லை என்று அங்கே வழிகாட்டிகள் கதை சொல்வார்கள். அதை என் வயிற்றோடு சேர்த்துச் சொல்லும் உரிமை என் மச்சானுக்குப் போய்விட்டது. ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பார் வாளி என்னைத் தாண்டும்போது, சொல்லிவிட்டார். வரிசை முழுவதும் சிரித்தது. வீட்டில் யார் அவரிடம் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. எனக்குத்தான் ரகசியம், மற்றவர்களுக்கு அது பொதுத்தகவல்.

கடைசியில் மகள்தான் நாள் குறித்து ஒரு குடல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டரும் ஒரு பெண், அதுவும் மகள் வயசு. எனக்குப் பாதி உயிர் அங்கேயே போனது.

“மோஷன் எப்படிப் போகுது சார்?”

“ரெகுலர்தான் மேடம்.”

“ரெகுலர்னா?”

“வாரா வாரம்.”

சிரிக்கவில்லை அந்தப் பெண். எழுதிக்கொண்டார். வாரத்தில் மூன்று தடவைக்குக் குறைந்தாலும், போகிற தடவைகளில் நாலில் ஒன்றுக்கு மேல் முக்கிக்கொண்டு கிடந்தாலும், போன பிறகும் பாக்கி இருக்கிற மாதிரியே இருந்தாலும் அது மலச்சிக்கல்தான் என்றார். பிறகு படம் போட்ட அட்டை ஒன்றை நீட்டினார். பிரிஸ்டல் ஊர் டாக்டர்கள் வெளியிட்டு 1997-லிருந்து புழக்கத்தில் இருக்கிற அட்டவணையாம். மொத்தம் ஏழு வகை. ஒன்று, ஆட்டுப் புழுக்கை. ஏழு, வெறும் தண்ணீர். மூன்றும் நாலும்தான் ஆரோக்கியம். “உங்களோடது எது?” என்றார். வாயால் சொல்ல வேண்டாம், விரலை வைத்தால் போதும். இந்த அட்டையை முன்பே யாராவது நீட்டியிருந்தால் எத்தனை மாத்திரை மிச்சமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றாம் நம்பரில் விரலை வைத்தேன்.

சர்க்கரை, தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். இரண்டில் எது தாறுமாறானாலும் குடல் மந்தமாகுமாம். நான் சாப்பிட்ட மாத்திரைகளைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றாக ஒதுக்கினார். அப்புறம் கையுறை மாட்டினார். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார். சுவரில் ஒரு பல்லி. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மோஷன் போறப்ப முக்குவீங்கல்ல, அதே மாதிரி முக்குங்க.”

முக்கினேன்.

“இறுக்குறீங்க சார். விடுங்க.”

விட்டேன்.

“இன்னும் இறுக்குறீங்க.”

மலக்குடலைச் சுற்றி ஒரு தசை வார் போலக் கிடக்கிறதாம். முக்கும்போது அது தளர வேண்டும், அப்போதுதான் வழி நேராகும். குந்தி உட்கார்ந்தால் இன்னும் நேராகும். சிலருக்கு மட்டும் முக்க முக்க அந்தத் தசை இறுகும். நான் அந்தச் சிலரில் ஒருவன். வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளே இருந்து ஆள் திரட்டித் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன், இத்தனை வருஷமும். இதற்கு நார்ச்சத்தைக் கூட்டுவது மட்டும் போதாது, தசையைத் தளர்த்தப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றார். பிறந்த குழந்தை யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்கிற காரியத்துக்கு, ஓய்வூதியம் வாங்குகிறவனுக்கு டியூஷன்.

சீட்டை வாங்கிக்கொண்டு கதவு வரை வந்துவிட்டேன். கைப்பிடியில் கை வைத்தபோதுதான் வாய் வந்தது. “மேடம்... எப்பவாவது லேசா ரத்தம் மாதிரி...” பேனாவை மூடிக்கொண்டிருந்தவர் மறுபடி திறந்தார். “உட்காருங்க.” அதற்கப்புறம் கேட்டதெல்லாம் வேறு மாதிரி கேள்விகள். எடை குறைந்ததா? குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய்? இரும்புச் சத்து குறைவென்று மாத்திரை கொடுத்தார்களே, ஏன் குறைந்தது என்று பார்த்தார்களா? பார்த்திருக்க முடியாது. ரத்தத்தைப் பற்றி நான் சொன்னால்தானே? அந்த ஒரு நிமிஷம் மட்டும் எனக்கு என்னைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் ரத்தத்தைப் பார்த்தால் மூலம்தான் என்று தாங்களாகவே தீர்ப்பு எழுதக் கூடாது என்றார். கொலோனோஸ்கோபிக்கு நாள் கொடுத்தார்.

அந்தச் சோதனைக்கு முந்தின நாள் ஒரு பொடியை லிட்டர் கணக்கில் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். குழாய் உள்ளே போகும்போது குடல் கழுவித் துடைத்த மாதிரி இருக்க வேண்டுமாம். உப்பும் எலுமிச்சையும் கலந்த ஒரு வழவழப்பு. டம்ளர் டம்ளராகக் குடித்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. என் குடலின் கௌரவத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு நடந்ததை ஒகில் பாபு எழுதியிருந்தால் நன்றாக இருக்கும். நான் கழிப்பறைக்குள்ளேயே குடியிருந்தேன். மனைவி வெளியிலிருந்து, “கதவைத் தாழ் போடாதீங்க, மயக்கம் வந்துடப் போகுது,” என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது. அன்றைக்கு அதைப் பற்றிக் கவலைப்பட எனக்கு நேரம் இல்லை.

சோதனையில் உள்மூலம் மட்டும்தான் தெரிந்தது.

பயிற்சிக்குச் சென்னைக்குப் போகிறேன், அதே மின்சார ரயிலில். உணர்கருவி ஒன்றை உள்ளே வைத்து, திரையில் ஒரு கோட்டைக் காட்டுகிறார்கள். நான் இறுக்கினால் கோடு ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஆரம்பத்தில் என் கோடு இறங்குவதாக இல்லை. அங்கிருக்கும் தம்பி பொறுமைசாலி. “வயித்தை உப்ப விடுங்க சார், மூச்சைப் பிடிக்காதீங்க, கீழே மட்டும் லூஸ் பண்ணுங்க,” என்பார். ஒரு நாள் கோடு இறங்கியது. அவர் கை தட்டினார். வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ள முடியாத வெற்றி. வீட்டிலும் சில ஏற்பாடுகள். மூட்டுவலிக்காக வெஸ்டர்ன் மாற்றியிருந்தோம், அதன் முன்னால் கால் வைக்க ஒரு குட்டி ஸ்டூல் வந்திருக்கிறது. காலைச் சாப்பாடு முடிந்ததும் போய்ப் பத்து நிமிஷம்தான் உட்காரலாம். பேப்பர் கூடாது, போன் கூடாது. மலத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற பொடி ஒன்று ராத்திரியில்.

இன்னொன்றும் சொன்னார் டாக்டர். தினமும் அந்த அட்டையின் நம்பரை எழுதி வர வேண்டும். நோட்டுப் போட்டால் மனைவி இது என்ன என்பாள். எண்கள் ஏற்கெனவே இருக்கிற இடத்தில் எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சமையலறை மாதக் காலண்டரைத் தேர்ந்தெடுத்தேன். பால் பாக்கெட் கணக்கு அதில்தான் இருக்கும். கூடுதலாக வாங்கிய நாளில் மனைவி அந்தக் கட்டத்தில் எண் போடுவாள். என் எண்களும் ஓரமாக ஏறின. மாத ஆரம்பத்தில் ஒன்று, ஒன்று, காலி, இரண்டு. போகப் போக மூன்று, நாலு. வைத்தியம் நன்றாக வேலை செய்தது.

மாதக் கடைசியில் வாசலில் சத்தம். “நாலு பாக்கெட் எப்போப்பா வாங்கினோம்? வாரம் முழுக்க நாலு நாலுன்னு இருக்கு?” “காலண்டர்ல இருக்கறதுதானே அக்கா, நானா எழுதினேன்?” என்று பால்காரர். நான் உள்ளேயிருந்து வந்து, விருந்தாளி வந்தார்களே, மறந்துவிட்டாயா என்று சொல்லிப் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். இனிமேல் தகராறு வரக் கூடாது என்று மனைவி அந்தத் தாளையும் கிழித்து அவரிடமே கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்க வேண்டும். கணக்கு ஒரு தடவை சரிபார்க்கணும் என்று சொல்லிப் பால்காரரிடம் போய்த் தாளைத் திரும்ப வாங்கினேன். என் எண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவர் சிவப்பு மையில் டிக் போட்டிருந்தார். அதைத்தான் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.